வீட்டு வாசலில் டென்னிஸ்

வால்பாறைக் கடைவீதியில் டென்னிஸ் பந்து கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள். டென்னிஸ் மட்டை கேட்டால், "அதுக்குப் பொள்ளாச்சிக்குத்தான் போகோணும்" என்பார்கள். நம் ஊரில் டென்னிஸ் பந்து இல்லாத தெரு இல்லை. டென்னிஸ் ஆடும் தெருவும் இல்லை. வாங்குகிற பந்தெல்லாம் கிரிக்கெட்டுக்குப் போய்விடுகிறது. வரிப்பந்தாட்டம் என்று தமிழில் அழகிய பெயர் பெற்ற ஓர் ஆட்டத்தில், பந்து மட்டும் நம்மிடம் வந்து சேர்ந்தது. ஆட்டம் வந்து சேரவில்லை.

காரணம் கேட்டால் எல்லோரும் ஒரே விடையைத்தான் சொல்வார்கள். அது பணம் படைத்தவர்களின் ஆட்டம். களம் வேண்டும், வலை வேண்டும், விலையுயர்ந்த மட்டை வேண்டும், கற்றுத்தர ஆசான் வேண்டும். இவை யாவும் உண்மையே. போட்டிகளில் ஆடி வெற்றி பெற இவை எல்லாம் வேண்டும். ஆனால் ஒரு குழந்தை அந்த ஆட்டத்தின் சுவையை அறிவதற்கு இவை வேண்டுமா? வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரு வாசல், ஒரு சுவர், ஒரு பழைய பந்து, பொறுமையுடன் பந்தை எறிந்து தரும் ஒரு பெரியவர் ஆகிய நான்கும் போதும். கடந்த இரண்டு ஆண்டுகளாக எங்கள் லைன் வீட்டு வாசலில் கண்டதைக் கொண்டே இதைக் கூறுகிறேன்.

முதலில் இந்த ஆட்டம் நம் மலைக்கு வந்த கதையைச் சிறிது பார்ப்போம். 1870களில் இங்கிலாந்தில் புல்வெளி டென்னிஸ் உருப்பெற்றது. 1877இல் முதல் விம்பிள்டன் போட்டி நடந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆனைமலைக் காடுகளை வெட்டித் தோட்டங்கள் போட்ட வெள்ளையர்கள், தேயிலையோடும் காப்பியோடும் தங்கள் விளையாட்டுகளையும் கொண்டு வந்தார்கள். தோட்டத் துரைமார்களுக்கென்று கிளப்புகள் எழுந்தன. அவற்றில் டென்னிஸ் களங்கள் அமைந்தன. அவர்கள் நாட்டை விட்டுப் போன பின்னும், மேலாளரைத் 'துரை' என்று அழைக்கும் வழக்கம் மட்டும் போகவில்லை.

என் தந்தை சிறுவனாக இருந்தபோது, 1970களின் இறுதியில், அத்தகைய ஒரு கிளப்பில் பந்து பொறுக்கும் வேலை செய்தவர். பள்ளி விட்டதும் ஓடுவார். இரண்டு மணி நேரம் வெளியே போகிற பந்துகளை எல்லாம் எடுத்துத் தருவார். கையில் சில்லறை கிடைக்கும். சில நாள் பிஸ்கட்டும் கிடைக்கும். ஆட்டத்தின் விதிகள் அனைத்தும் அவருக்குத் தெரியும். பந்து கோட்டில் பட்டதா, கோட்டுக்கு வெளியே பட்டதா என்பதை இன்றும் தொலைக்காட்சியில் பார்த்தவுடன் சொல்லிவிடுவார். ஆயினும் ஒரு முறையேனும் மட்டையை அவர் கையில் எவரும் கொடுத்ததில்லை. அவரும் கேட்டதில்லை. பந்து பொறுக்குகிற பையன் மட்டையைக் கேட்பது என்பது அந்நாளில் எண்ணிப் பார்க்கவும் இயலாத ஒன்று.

இனி எங்கள் வீட்டுச் செய்திக்கு வருகிறேன். என் அக்காவும் அத்தானும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். நம் மலையிலிருந்து பிழைப்புக்காகத் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிய குடும்பங்கள் எத்தனையோ; அவற்றில் எங்களுடையதும் ஒன்று. அவர்களுடைய மகன், ஏழு வயதுப் பையன், எங்களோடு இருக்கிறான். அப்பாவும் அம்மாவும் காலையில் மலைக்குப் போனால் மாலையில்தான் திரும்புவார்கள். நான் கல்லூரியிலிருந்து பேருந்து பிடித்து வருவதற்குள் நான்கு மணி ஆகிவிடும். அதுவரை பள்ளி விட்டு வந்த பையனுக்குத் துணை செல்பேசி ஒன்றுதான்.

செல்பேசியைக் குறை கூறுவது எளிது. ஆனால் அந்தக் குழந்தைக்கு அதுதான் தாயின் முகம். இரவு எட்டு மணிக்கு அக்கா அதில்தான் வருவாள். ஆகவே அதைப் பிடுங்கி வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதைவிட நல்லதொன்றை அவன் கையில் கொடுக்க வேண்டும் என்று எண்ணினேன்.

வெளியே போய் ஓடியாடு என்று சொல்லவும் இங்கு வழியில்லை. தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் நம் ஊரில் வாரக்கணக்கில் வானம் மூடிக்கொள்ளும். சின்னக்கல்லாறு தென்னிந்தியாவிலேயே மிகுதியாக மழை பெறும் இடங்களில் ஒன்று என்பதை நாம் அனைவரும் அறிவோம். மழை விட்டால் சிறுத்தை. அதனால் குழந்தையைப் பறிகொடுத்த வீடுகள் இந்த மலையில் உண்டு. ஐந்து மணி ஆனதும் எந்தத் தாயும் பிள்ளையை வாசலுக்கு அப்பால் விடமாட்டாள். ஆக, எங்களுக்கு வாய்த்தது நான்கு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடைப்பட்ட ஒரு மணி நேரம். எங்களுக்கு வாய்த்த இடம் லைன் வாசல்.

அந்த வாசலில் கிரிக்கெட் ஆட இடம் போதாது. பந்து ஓங்கி அடிபட்டால் தேயிலைச் செடிக்குள் போய்விடும். அதைத் தேடி எந்தக் குழந்தையையும் செடிக்குள் அனுப்ப முடியாது. மெதுவாக அடித்து, குறித்த இடத்தில் விழச் செய்கிற ஆட்டம் ஒன்று வேண்டும். அப்போதுதான் டென்னிஸ் நினைவுக்கு வந்தது. அப்பாவிடம் சொன்னேன். "அது துரைமாரு ஆட்டம் கண்ணு. நமக்கெதுக்கு?" என்று கூறிவிட்டுத் தேநீர்க் கிளாசைக் கழுவப் போய்விட்டார்.

நமக்கெதற்கு என்ற அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் படிக்கத் தொடங்கினேன். தேடியபோது முதலில் கண்ணில் பட்டது நம் தென்காசிதான். விம்பிள்டனில் 1954ஆம் ஆண்டு சிறுவர் பட்டத்தை வென்று, அவ்வாறு வென்ற முதல் ஆசியர் என்ற பெருமையைப் பெற்ற இராமநாதன் கிருஷ்ணன் தென்காசியில் வளர்ந்தவர். அவருக்கு ஆசான் வெளிநாட்டார் அல்லர். அவருடைய தந்தை டி. கே. இராமநாதனே. அந்தப் பிள்ளை 1960இலும் 1961இலும் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்றார். முதல் முறை நீல் ஃபிரேசரிடமும், மறுமுறை ராட் லேவரிடமும் தோற்றார். இருவருமே அவ்வாண்டுகளில் பட்டம் வென்றவர்கள். 1966இல் இந்தியா டேவிஸ் கோப்பையின் இறுதிச் சுற்றை முதன்முறையாக எட்டியதற்கு அவரே பெருங்காரணம். அவருடைய மகன் இரமேஷ் கிருஷ்ணனுக்கோ தந்தையும் தாத்தாவும் ஆகிய இருவரும் ஆசான்கள். தந்தை வென்று சரியாக 25 ஆண்டுகள் கழித்து, 1979இல், அதே விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை மகன் வென்றார். 1989இல் ஆஸ்திரேலியப் போட்டியில், அன்று உலகின் முதல் நிலை வீரராக இருந்த மேட்ஸ் விலாண்டரையும் தோற்கடித்தார்.

இந்தக் குடும்பத்தின் ஆட்டத்தைப் பற்றி எழுதியவர்கள் அனைவரும் ஒன்றைக் குறிப்பிடுகிறார்கள். தந்தையும் மகனும் வலிமையால் வென்றவர்கள் அல்லர். பந்தைத் தொடுகிற மென்மையால், இடம் பார்த்து வைக்கிற நுட்பத்தால் வென்றவர்கள். இதைப் படித்ததும் எனக்குப் பெரும் மகிழ்ச்சி உண்டாயிற்று. ஓங்கி அடிக்க இடமில்லாத எங்கள் வாசலில் கற்கக்கூடியதும் அந்த மென்மைதானே!

கிருஷ்ணன் குடும்பத்தில் டென்னிஸ் அறிந்த பெரியவர் ஒருவர் இருந்தார். அது பெரும் பேறு. அத்தகைய பேறு இல்லாதவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவில் பேரல்லன் என்னும் சிற்றூரில் பழங்குடி மக்களைச் சேர்ந்த ஒரு சிறுமி இருந்தாள். தந்தை ஆட்டு மயிர் கத்தரிக்கும் தொழிலாளி. ஆப்பிள் பெட்டிப் பலகையில் செய்த மட்டையால் சுவரில் பந்தடித்துப் பழகினாள். உள்ளூர் டென்னிஸ் களத்தின் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த அவளை, உள்ளே வந்து ஆடும்படி அவ்வூர்க்காரர் ஒருவர் அழைத்தார். அச்சிறுமிதான் 1971இலும் 1980இலும் விம்பிள்டன் பட்டம் வென்ற ஈவான் கூலகாங்.

இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். வேலிக்கு வெளியே நின்ற சிறுமி என்ற இடத்தில் அவர் நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மாலை, பழைய தேயிலைப் பெட்டியின் பலகையை எடுத்து, ஒரு முழ நீளத்திற்கு மட்டை போல் அறுத்து, ஓரங்களைத் தேய்த்து, பிடியில் சைக்கிள் டியூபைச் சுற்றிப் பையனிடம் கொடுத்தார்.

இனி, சிறு குழந்தைகளுக்கு வீட்டிலேயே எவ்வாறு தொடங்கலாம் என்பதைக் கூறுகிறேன். உங்கள் வீட்டிலும் தம்பி தங்கையோ அக்கா பிள்ளைகளோ இருப்பார்கள், அவர்களுக்குப் பயன்படும்.

முதற்படி பலூன். மட்டை வேண்டாம், உள்ளங்கை போதும். மழைக்காலத்தில் பத்துக்குப் பத்து அறைக்குள்ளேயே ஆடலாம். பலூன் மெதுவாக இறங்குகிறது. குழந்தையின் கண் அதைத் தொடர்ந்து செல்லவும், கால் அதன் அடியில் போய் நிற்கவும், கை உயரவும் நேரம் கிடைக்கிறது. கண், கால், கை என்ற இந்த வரிசைதான் டென்னிஸ். கையை மட்டும் வீசுகிற குழந்தை பந்தைத் தவறவிடும். காலை நகர்த்துகிற குழந்தை தவறவிடாது.

இரண்டாவது படி உருட்டல். இருவர் எதிரெதிரே நின்று பந்தைத் தரையில் உருட்ட வேண்டும். வருகிற பந்தை மட்டையால் நிறுத்தித் திருப்பி உருட்ட வேண்டும். நான்கு வயதுக் குழந்தையும் இதைச் செய்யும். பந்து உடலுக்குப் பின்னால் போன பிறகு நிறுத்த முடியாது, முன்னால் இருக்கும்போதே நிறுத்த வேண்டும் என்ற பாடத்தை எவரும் சொல்லாமலே அது கற்றுக்கொள்கிறது.

மூன்றாவது படி, எழும்பும் பந்தைப் பிடித்தல். டென்னிஸில் பந்து தரையில் ஒரு முறை பட்டு எழலாம். இரண்டாம் முறை படுவதற்குள் அடித்துவிட வேண்டும். ஆகவே பந்து எங்கே விழும், எவ்வளவு எழும் என்று கணிப்பதே முதல் திறமை. அடிக்கச் சொல்லாமல், ஒரு முறை எழும்பிய பந்தை இரு கைகளாலும் பிடிக்கச் சொல்ல வேண்டும். அதன் பிறகு மட்டையில் வாங்கச் சொல்லலாம். டிமதி கால்வே என்னும் அமெரிக்கப் பயிற்சியாளர் 1974இல் வெளியிட்ட நூலில் ஓர் எளிய வழியைக் கூறுகிறார். பந்து தரையில் படும்போது ஒரு சொல்லையும், மட்டையில் படும்போது ஒரு சொல்லையும் ஆடுபவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்வதற்காகவேனும் கண் பந்தை விட்டு அகலாது, அச்சமும் மறந்துபோகும். எங்கள் பையன் தனக்கென்று இரண்டு சொற்களைத் தேர்ந்துகொண்டான்: 'தொப்', 'டப்'. எங்கள் வாசலில் மாலை நான்கு மணிக்கு இந்த இரண்டு ஒலிகள்தாம் கேட்கும்.

பந்தைப் பற்றியும் ஒரு சொல். புதிய டென்னிஸ் பந்து சிறு குழந்தைக்கு ஏற்றதன்று. அது எழும்பி வரும்போது குழந்தையின் தலைக்கு மேலே போகும். நாம் தோளுயரத்துப் பந்தைக் கண்டு திணறுவோமே, அதைப் போன்ற நிலைதான் அதற்கு எப்போதும். இதை உலக டென்னிஸ் கூட்டமைப்பே உணர்ந்து, 2012 முதல் 10 வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் வேகம் குறைந்த பந்துகளையே பயன்படுத்த வேண்டும் என்று விதி செய்தது. சிவப்புப் பந்து மிக மெதுவானது. ஆரஞ்சு அதைவிட விரைவானது. பச்சை ஏறத்தாழப் பெரியவர்களின் பந்து போன்றது. முழுக் களம் 78 அடி நீளம். சிவப்புப் பந்துக்கான களமோ 36 அடிதான். எங்கள் லைன் வாசலை அடி வைத்து அளந்து பார்த்தேன். 36 அடிக்கு மேலேயே இருந்தது!

சிவப்புப் பந்து வாங்க நாங்கள் எங்கே போவது? கிரிக்கெட் ஆடித் தேய்ந்து, உயிர் போய்விட்டது என்று சிறுவர்கள் எறிந்துவிட்ட பந்துகளைப் பொறுக்கி வந்தோம். உள்ளிருக்கும் காற்று குறைந்த பந்து மெதுவாகத்தான் எழும்பும். அது குழந்தையின் இடுப்பளவில் வந்து நிற்கும். பெரியவர்களுக்கு உதவாத பந்து குழந்தைக்கு உற்ற துணையாயிற்று. மழையில் நனைந்த பந்து மட்டும் ஆகாது. மேலிருக்கும் மயிர்த்துணி நீரை உறிஞ்சிக் கனத்துவிடும். அதை அடுப்புக்கு மேலே பரணில் வைத்து உலர்த்திக்கொள்வோம்.

வலைக்கு அம்மாவின் பழைய சேலை. இரண்டு கம்புகளுக்கு நடுவே கயிறு கட்டி, குழந்தையின் இடுப்பளவில் சேலையைப் போட்டுவிட்டால் வலை ஆயிற்று.

இவ்வளவையும் நானே செய்து வந்தேன். ஆனால் பந்தை எறிந்து தருவதில்தான் இடர்ப்பாடு இருந்தது. குழந்தைக்கு எட்டுகிற இடத்தில், ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில் மீண்டும் மீண்டும் பந்து வந்தால்தான் அது அடிக்கப் பழகும். ஒரு நாள் மாலை, வேலை முடிந்து வந்த அப்பா சிறிது நேரம் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து, "இங்க கொண்டா" என்று பந்துகளை வாங்கிக்கொண்டார். கையை அதிகம் அசைக்காமல், தாழ்வாக ஒரு வீச்சு. பந்து தரையில் ஒரு முறை பட்டு, பையனின் வலப்பக்கம், இடுப்புயரத்தில் மிதந்தாற்போல் வந்து நின்றது. பையன் அடித்தான். அடுத்த பந்தும் அதே இடத்தில். அதற்கடுத்ததும் அதே இடத்தில்.

நான் வியந்து நின்றேன். பிறகுதான் விளங்கிற்று. பந்து பொறுக்குகிறவன் பந்தை ஆட்டக்காரரின் கைக்கு எறியும்போது, அது ஒரு முறை எழும்பி அவர் குனியாமல் வாங்கிக்கொள்ளும்படி வர வேண்டும். சிறிது தவறினாலும் வசை கிடைக்கும். நான்கு ஆண்டுகள் நாள்தோறும் நூற்றுக்கணக்கான பந்துகளை அவ்வாறு எறிந்த கை அது. அன்று பிறருக்குப் பணிவிடையாகக் கற்ற அந்த வீச்சு, 45 ஆண்டுகள் கழித்துப் பேரனுக்குப் பாடமாயிற்று. தென்காசித் தாத்தா பேரனுக்கு என்னென்ன நுட்பங்களைக் கற்பித்தாரோ எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுத் தாத்தாவுக்குத் தெரிந்தது இந்த ஒரு வீச்சுதான். ஏழு வயதுப் பிள்ளைக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

எறிவதற்கு ஆள் இல்லாதபோது சுவர் இருக்கிறது. சுவர் களைப்படையாது, சலித்துக்கொள்ளாது. சுவீடன் நாட்டின் போர்க், விம்பிள்டனை 1976 முதல் 1980 வரை ஐந்து முறை தொடர்ந்து வென்றவர், சிறுவயதில் வீட்டுக் கார்க் கொட்டகைக் கதவில்தான் பந்தடித்துப் பழகினார். ஆனால் லைன் வீட்டுச் சுவர் நமக்கு மட்டும் உரியதன்று. அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். ஃபேக்டரியில் இரவு வேலை பார்த்துவிட்டு உறங்குகிறவர் அங்கே இருப்பார். ஆகவே மஸ்டர் எடுக்கும் கொட்டகையின் பின்சுவரைத் தேர்ந்துகொண்டோம். மூன்றடி உயரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு. உண்மையான வலையின் நடு உயரமும் மூன்றடிதான். கோட்டுக்கு மேலே பட்டால் பந்து வலையைத் தாண்டியதாகக் கணக்கு.

கணக்கு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 15, 30, 40 என்ற டென்னிஸ் எண்ணிக்கையைச் சிறு குழந்தைகளுக்கு முதலில் சொல்ல வேண்டியதில்லை. யார் வென்றார், யார் தோற்றார் என்பதும் வேண்டியதில்லை. இருவரும் சேர்ந்து எத்தனை முறை பந்தைக் கீழே விடாமல் அடித்தார்கள் என்று எண்ணினால் போதும். நேற்று ஏழு, இன்று ஒன்பது. எதிரே நிற்பவன் பகைவன் அல்லன். அவனும் நம் கணக்கில் பாதி. இந்த முறையால் ஒரு பெருநன்மை விளைந்தது. எங்கள் லைனில் இப்போது ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்களும் இருக்கின்றன. அப்பிள்ளைகளுக்குத் தமிழ் சரளமாக வராது. எங்கள் பிள்ளைகளுக்கு இந்தி தெரியாது. சேலை வலைக்கு இரு பக்கமும் நின்றபோது மொழி தடையாக இல்லை. ஒரு பக்கம் 'ஏக்', மறுபக்கம் 'ரெண்டு', மீண்டும் 'தீன்', 'நாலு' என்று கணக்கு ஏறிற்று. இப்போது ஆறு பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களுள் இருவர் பெண் பிள்ளைகள். இரண்டு கணக்குச் சொல்லும் முறையும் ஆறு பேருக்கும் தெரியும்.

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்பது நம்மவர் பழமொழி. குழந்தைகளை அடக்கி ஆள்வதற்கு இதைச் சான்று காட்டுகிறவர்கள் பலர். வளைப்பது வேறு, ஒடிப்பது வேறு என்பதை மறந்துவிடக்கூடாது. அமெரிக்க வீரர் ஆந்த்ரே அகாசியின் தந்தை, பந்து வீசும் பொறி ஒன்றை வீட்டுக் களத்தில் நிறுத்தி, மகனை நாள்தோறும் ஆயிரக்கணக்கான பந்துகளை அடிக்க வைத்தார். மகன் எட்டு கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டங்களை வென்றார். ஆனால் 2009இல் எழுதிய தன்வரலாற்றில், தான் டென்னிஸை வெறுத்ததாக எழுதினார். உலகமே புகழ்ந்தும் உள்ளம் மகிழவில்லை என்றால் அந்தக் கல்வியால் குழந்தை பெற்றது என்ன?

அவசரமும் தேவையில்லை. நம்மைப் போல் மேற்குத் தொடர்ச்சி மலையில், குடகுக் காப்பித் தோட்டத்துக் குடும்பத்தில் பிறந்த ரோஹன் போபண்ணா டென்னிஸ் ஆடத் தொடங்கியது 11ஆம் வயதில்தான். 2024 ஜனவரியில், தம் 43ஆம் வயதில், ஆஸ்திரேலியப் போட்டியின் ஆடவர் இரட்டையர் பட்டத்தை வென்று, இரட்டையர் தரவரிசையில் உலகின் முதலிடத்தையும் அடைந்தார். ஆகவே ஏழு வயதுப் பையனை விரட்ட வேண்டிய காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

எனவே எங்கள் வாசலில் சில வழக்கங்களை வைத்திருக்கிறோம். ஒரு பிள்ளைக்கு இருபது நிமிடத்திற்கு மேல் கிடையாது. "இன்னும் கொஞ்சம் சித்தி" என்று கேட்கும்போதே நிறுத்திவிடுவேன். ஆசை மிச்சமிருந்தால்தான் நாளைக்கு ஓடி வருவார்கள். 'தப்பு' என்ற சொல்லை யாரும் சொல்வதில்லை. 'பந்து எங்கே விழுந்தது?' என்று கேட்போம். விழுந்த இடத்தைக் காட்டுகிற பிள்ளை, அடுத்த பந்தைத் தானாகவே திருத்திக்கொள்கிறது. இடக்கைப் பிள்ளையை வலக்கையால் அடிக்கச் சொல்வதில்லை. இரண்டு கையாலும் பிடிக்க விரும்பினால் பிடிக்கட்டும் என்று விட்டுவிடுவோம். ஐந்து மணி அடித்தால் கணக்கு எந்த எண்ணில் இருந்தாலும் எல்லோரும் வீட்டுக்குள்.

இவற்றால் விளைந்த பயன் என்ன என்று கேட்பீர்கள். எங்கள் பையன் விம்பிள்டன் போவான் என்று நான் கூறவில்லை. அதற்கான செலவு எங்கள் வருவாயில் அடங்காது. உயர்ந்த பயிற்சிக்குப் பிறர் கை கொடுத்தால்தான் முடியும். 1985இல் சென்னையில் விஜய் அமிர்தராஜ் குடும்பத்தார் ஒரு பிஸ்கட் நிறுவனத்தின் துணையோடு தொடங்கிய பயிற்சித் திட்டத்தில்தான் லியாண்டர் பயஸ் உருவானார். அத்தகைய கைகள் மலையேறி வரும் நாள் வந்தால் நல்லது. வராவிட்டாலும் வாசலில் கிடைத்தது வாசலிலேயே கிடைத்ததுதான்.

அது என்ன? இரவு எட்டு மணிக்கு அக்கா செல்பேசியில் வருவாள் என்றேன் அல்லவா? முன்பெல்லாம் "சாப்பிட்டியா கண்ணு?" என்று அவள் கேட்பாள், "ம்" என்பான். பேச்சு அதோடு முடியும். அவள் முகம் வாடும். இப்போது அழைப்பு வந்ததும் அவனே தொடங்கிவிடுகிறான். "அம்மா, இன்னிக்கு முப்பத்தொண்ணு!" தாத்தா எத்தனை எறிந்தார், எந்தப் பந்து கோட்டில் பட்டது, ஜார்க்கண்டுப் பையன் எப்படி விழுந்து எடுத்தான் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறான். ஒருமுறை, விடுமுறை நாளில், செல்பேசியை ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டு ஆடினான். திருப்பூரில் இருந்துகொண்டு அக்கா ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். நாற்பத்தொன்றுக்கு வந்தபோது அவள் குரல் தழுதழுத்தது. பிள்ளை வளர்வதைக் கண்ணால் பார்க்க முடியாத தாய்க்கு, எண்ணிப் பார்க்கவாவது ஒரு கணக்குக் கிடைத்தது. இதற்கு மேல் ஒரு விளையாட்டு ஒரு வீட்டுக்கு என்ன செய்ய வேண்டும்?

அடுத்த ஆண்டு அப்பாவுக்கு ஓய்வு வயது வருகிறது. தோட்ட வேலை முடிந்தால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது நம் அனைவருக்கும் தெரிந்த நடைமுறை. நாங்கள் மலையை விட்டு இறங்குவோம். சுண்ணாம்புக் கோடு போட்ட சுவர் இங்கேயே இருக்கும். அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுதினேன். நம் கல்லூரியில் படிக்கும் பெரும்பாலோர் தோட்டத்துப் பிள்ளைகள். ஒவ்வொரு டிவிஷனிலும் ஒரு மஸ்டர் கொட்டகை உண்டு. அதற்கொரு பின்சுவர் உண்டு. ஒவ்வொரு லைனிலும், பெற்றோர் வேலை முடிந்து வரும்வரை காத்திருக்கும் பிள்ளைகள் உண்டு. மாலையில் அரை மணி நேரம் ஒதுக்கி, ஒரு தேய்ந்த பந்தை மெதுவாக எறிந்து தர நம்மில் ஒவ்வொருவராலும் முடியும்.

அப்பாவிடம் இப்போது, "நமக்கெதுக்கு?" என்று யாராவது கேட்டால் அவர் விடை சொல்வதில்லை. பந்தை எடுத்து அவர்கள் பிள்ளையின் பக்கம் ஒரு முறை எழும்பும்படி எறிகிறார். பிள்ளை அடித்துவிடுகிறது.